யார் கூற்று? - சிறுவர் ஊடகங்களும் ஊடக அறிவும்: ஒரு வரலாற்று நோக்கு

எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறன் மட்டுமே எழுத்தறிவு என்று தமிழ்ச் சான்றோர் ஒருகாலும் கருதியதில்லை. படித்ததை ஆய்ந்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளும் ஆற்றலே கல்வியின் பயன் என்பது அவர்தம் துணிபு. சொன்னவர் எவராயினும் சொல்லப்பட்டதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என வள்ளுவர் 'அறிவுடைமை' அதிகாரத்தில் வகுத்தார். இவ்வாற்றலை இக்காலக் கல்வியாளர் 'ஊடக அறிவு' என்று அழைக்கின்றனர். பெயர் புதிது, தேவை பழையது.

ஓலைச்சுவடி, அச்சிதழ், திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி என ஒன்றன்பின் ஒன்றாக ஊடகங்கள் சிறுவர் கைக்கு வந்தன. ஒவ்வொன்றும் வந்தபோது பெரியோர் அஞ்சினர், தடுக்க முயன்றனர், நெடுங்காலம் சென்ற பின்னரே கற்பிக்க முற்பட்டனர். இந்த வரிசையின் வரலாற்றையும், அதில் தமிழ்க் கவிஞர்க்கு இருந்த பங்கையும், இனி இருக்க வேண்டிய பங்கையும் சுருங்க ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணையும் ஏடும்

அச்சு நூல் பரவுவதற்கு முன் தமிழ்ச் சிறுவனுக்கு எட்டிய எழுத்து பெரும்பாலும் ஆசிரியர் வழியாகவே எட்டியது. விசயதசமி நாளில் மணலில் விரல் பிடித்து எழுதத் தொடங்கிய பிள்ளை பின்னர் ஓலைக்கு மாறினான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, எண்சுவடி, நிகண்டு எனப் பாடங்கள் வரிசையாக வந்தன. சட்டாம்பிள்ளை முறைவைத்து ஒப்புவிக்கக் கேட்டான். அத்திண்ணைப் பள்ளிகளின் நடைமுறையை உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். அம்முறையில் மனப்பாடமும் பிரம்பும் மிகுதி. பெண் குழந்தைகளுக்கும், ஒதுக்கிவைக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. எனவே அதனைப் பொற்காலம் எனப் போற்றுதல் பொருந்தாது.

எனினும் அம்மரபின் உள்ளே ஒரு சிறந்த கொள்கை இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், மாணவன் பாடம் கேட்க வேண்டிய முறையைக் கூறுகிறது. கேட்டதை மீண்டும் மீண்டும் சிந்தித்தல், ஐயுற்றதை வினாதல், பிறர் வினவியதற்கு விடையளித்தல் ஆகியன அவனுக்குக் கடமைகள். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால் பங்கே கைகூடும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப் பங்கு நிரம்பும் என்பது அந்நூலின் கணக்கு. கேட்டல் மட்டும் கல்வியாகாது, உரையாடலே கல்வி என்னும் இக்கருத்து, பின்வரும் வரலாறு முழுவதற்கும் உரைகல்லாக அமையும்.

அச்சும் உறவுப் பெயர்களும்

1835-இல் மெட்கால்ஃப் காலத்தில் நிறைவேறிய சட்டத்தால் அச்சகம் நடத்துவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன. தமிழ் அச்சகங்கள் பெருகின. 1840-இல் நாகர்கோவிலிலிருந்து 'பாலதீபிகை' என்னும் சிறுவர் இதழ் வெளிவந்தது. தொடக்ககாலச் சிறுவர் இதழ்களைக் கிறித்துவச் சமயப் பணியாளர்கள் நடத்தினர். சமயக் கல்வியும் ஒழுக்கக் கதைகளும் அவற்றில் முதலிடம் பெற்றன. ஆசிரியர் அருகில் இல்லாத வேளையிலும் சிறுவன் தானே எடுத்துப் படிக்கக்கூடிய எழுத்து அப்போது தமிழில் பிறந்தது. இது சிறிய மாற்றமன்று.

20ஆம் நூற்றாண்டில் இப்பொறுப்பைக் கவிஞர்கள் தம் கையில் எடுத்துக்கொண்டனர். பாரதியார் 1915-இல் பாப்பாப் பாட்டை வெளியிட்டார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எளிய சொற்களில் பாடிய குழந்தைப் பாடல்கள் பள்ளி தோறும் ஒலித்தன. அழ. வள்ளியப்பா வங்கிப் பணியில் இருந்துகொண்டே வாழ்நாள் முழுவதையும் சிறுவர் இலக்கியத்துக்கு அளித்தார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முதற்காரணமாக நின்றார். 1947 சூலையில் நாகிரெட்டி, சக்கரபாணி ஆகியோரின் முயற்சியால் 'அம்புலிமாமா' பிறந்தது. தமிழ்வாணனின் 'கல்கண்டு', ஆர்வியின் ஆசிரியப் பொறுப்பில் வந்த 'கண்ணன்' முதலிய இதழ்கள் வீடுதோறும் நுழைந்தன.

வானொலியும் இவ்வழியே சென்றது. 1938 சூன் 16 அன்று சென்னை வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் 'பாப்பா மலர்' நிகழ்ச்சியை நடத்திய கூத்தபிரானைச் சிறுவர்கள் 'வானொலி அண்ணா' என்றே அறிந்தனர். இங்கு ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. நிலவு மாமனாயிற்று, எழுத்தாளர் வி. கிருஷ்ணமூர்த்தி 'வாண்டுமாமா' ஆனார். முகம் காணாத குரல் அண்ணனாயிற்று. புதிய ஊடகம் ஒவ்வொன்றும் தமிழ் வீட்டுக்குள் உறவுப் பெயர் பூண்டே நுழைந்தது. சொல்பவர் இன்னார் என்று குழந்தைக்குத் தெரிந்தது. அவர் சொன்னது பிடிக்கவில்லையெனில் அவருக்கே அஞ்சலட்டை எழுதிக் கேட்கவும் முடிந்தது. அந்த அண்ணனும் மாமாவும் தம்மை நாடிய பிள்ளைகளுக்கு விடை சொல்லும் கடப்பாடு உடையோராக இருந்தனர்.

அச்சம் சட்டமான கதை

இதழ்களையும் வானொலியையும் வரவேற்ற பெரியோர் எல்லா ஊடகங்களையும் அவ்வாறு வரவேற்றாரல்லர். திரைப்படம் தோன்றியதும் உலகெங்கும் ஓர் அச்சம் பரவியது. இந்தியாவில் அன்றைய ஆங்கில அரசு 1927-இல் திரைப்பட விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அக்குழு 353 சாட்சியரை வினவியது. படங்கள் இளையோர் மனத்தில் விளைக்கும் மாற்றமும் அதன் முன் இருந்த பொருள்களுள் ஒன்று. 1928-இல் வந்த அதன் அறிக்கை, தணிக்கையைப் பற்றி மட்டும் பேசி அமையாமல், இந்தியத் திரைத்தொழிலை வளர்க்க வேண்டிய வழிகளையும் கூறியது. விடுதலைக்குப் பின் 1949-இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தால், வயது வந்தோர்க்கு மட்டும் உரியவை என்றும் அனைவர்க்கும் உரியவை என்றும் படங்கள் பகுக்கப்பட்டன.

அமெரிக்காவில் இவ்வச்சம் பேராய்வாக உருக்கொண்டது. பெய்ன் நிதியத்தின் உதவியோடு 1929 முதல் திரைப்படம் சிறுவரை எவ்வாறு தாக்குகிறது என்று அறிஞர் பலர் ஆராய்ந்து, 1933 தொடங்கித் தொகுதிகளாக வெளியிட்டனர். ஆய்வாளர்கள் தயக்கத்தோடும் வரையறையோடும் சொன்ன முடிவுகளை, அவ்வாண்டே வெளிவந்த மக்கள் நூல் ஒன்று மிகைப்படுத்திப் பேசியது. மிகைப்படுத்தியதே ஊரெங்கும் பரவியது.

அடுத்து வந்தது படக்கதை. 1954-இல் உளமருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், சிறுவர் குற்றங்களுக்குப் படக்கதைகளே காரணம் என்று குற்றஞ்சாட்டி ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க மேலவைக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதியை அவ்வாண்டே வகுத்துக்கொண்டனர். 1955-இல் பிரிட்டன் தீங்கு விளைக்கும் வெளியீடுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. அதனைப் பின்பற்றி 1956-இல் இந்திய நாடாளுமன்றமும் 'இளையோர் (தீங்கு விளைக்கும் வெளியீடுகள்) சட்டம்' ஒன்றை நிறைவேற்றியது. இருபது அகவைக்கு உட்பட்டோர் அனைவரையும் அது இளையோர் எனக் கொண்டது. இந்திய மொழிகளில் படக்கதை இதழ்கள் பெருகுவதற்கு முன்னரே அவற்றைத் தடுக்கும் சட்டம் பிறந்துவிட்டது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அச்சட்டம் ஏட்டில் இருக்க, 1972-இல் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வெளிவந்தது. பிரிட்டிஷ் படக்கதை ஒன்றின் தலைவன் 'இரும்புக்கை மாயாவி'யாகத் தமிழ் பேசினான். பாடப்புத்தகத்துக்குள் படக்கதையை ஒளித்துப் படித்த ஒரு தலைமுறை உருவாயிற்று. தமிழ் வாசிப்பில் அத்தலைமுறைக்கு விரைவைக் கொடுத்தவற்றுள் அப்படக்கதைகளும் அடங்கும்.

இக்கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. வெர்தாமின் ஆவணங்கள் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்ட பின், அமெரிக்க நூலகவியல் அறிஞர் கேரல் டில்லி அவற்றை மூல நூலோடு ஒப்பிட்டு 2012-இல் தம் முடிவை வெளியிட்டார். சிறுவர் கூறியவற்றை வெர்தாம் மாற்றியும் திரித்தும் மிகைப்படுத்தியும் எழுதியிருந்தமை அதில் வெளிப்பட்டது. வெர்தாமின் நூல் வெளிவந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. ஊடகத்தைப் பற்றிய எச்சரிக்கையும் ஓர் ஊடகச் செய்தியே; அதனையும் ஆய்ந்தே கொள்ள வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

தடுப்பிலிருந்து கற்பிப்புக்கு

அச்சத்தின் அருகிலேயே வேறொரு வழியும் மெல்லத் திறந்தது. பெய்ன் நிதிய வரிசையிலேயே 1933-இல் எட்கர் டேல் என்னும் கல்வியாளர், திரைப்படத்தைச் சுவைப்பதும் மதிப்பிடுவதும் எவ்வாறு என்று உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு ஒரு நூல் எழுதினார். படம் பார்க்காதே என்று சொல்வதை விட, எப்படிப் பார்க்க வேண்டும் என்று கற்பிப்பது நன்று என்பது அவர் கொள்கை. அதே 1933-இல் இங்கிலாந்தில் எஃப். ஆர். லீவிஸ், டெனிஸ் தாம்சன் ஆகிய இலக்கியத் திறனாய்வாளர் இருவர், விளம்பரங்களையும் செய்தித்தாள்களையும் வகுப்பில் வைத்துச் சொல்லாய்வு செய்யும் பயிற்சிகளை வகுத்தனர். வெகுமக்கள் கலையை அவர்கள் இழிவாகக் கருதினர் என்பது குறையே. ஆயினும் இலக்கியத் திறனாய்வைக் கருவியாகக் கொண்டு ஊடகத்தை ஆராயலாம் என்று முதலில் காட்டியோருள் அவர்கள் குறிப்பிடத்தக்கவர்.

1982 சனவரியில் மேற்கு ஜெர்மனியின் குரூன்வால்ட் நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் 19 நாடுகளின் வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஊடகங்களைப் பழிப்பதாலோ போற்றுவதாலோ பயனில்லை. அவை வாழ்வில் கலந்துவிட்டதை ஏற்றுக்கொண்டு, தொடக்கப்பள்ளி முதலே அவற்றைப் பற்றிய கல்வியை அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன்பின் கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் முதலிய இடங்களில் ஊடகக் கல்வி பாடத்திட்டத்தில் இடம்பெற்றது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை, செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் பெருஞ்சோதனை நடந்தது. காலை வேளையில் பள்ளிச் சிறுவர்க்கான நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அச்சோதனையில் தமிழ்நாடு சேரவில்லை; எனினும் அதே 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் 2011-இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டமும், 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் தமிழ்நாட்டில் வந்தன. இவையெல்லாம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்த நற்பணிகளாகும். ஆயின் ஊடகத்தைக் கொண்டு கற்பிப்பது வேறு. ஊடகத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு. முன்னதில் நாடு ஆர்வம் காட்டிய அளவுக்குப் பின்னதில் காட்டவில்லை.

குழந்தையைப் படிக்கும் திரை

1995 ஆகஸ்டு 15 அன்று இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. தமிழறிஞரும் கணினியறிஞரும் 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடித் தமிழ் விசைப்பலகையையும் எழுத்துக் குறியீட்டையும் ஆராய்ந்தனர். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. தமிழ் கணினியில் ஏற வேண்டும் என்பதே அன்றைய கவலை. தமிழ் ஏறியது. ஆனால் அங்கே தமிழ்க் குழந்தையை எதிர்கொள்வது யார் என்னும் கேள்வி போதிய அளவு எழவில்லை.

கைப்பேசித் திரை முந்தைய ஊடகங்களிலிருந்து ஒரு வகையில் முற்றிலும் மாறுபட்டது. நூலைக் குழந்தை படித்தது. திரையோ குழந்தையைப் படிக்கிறது. எந்தப் படத்தில் எத்தனை நொடி நின்றது, எதைத் திரும்பப் பார்த்தது, எதைத் தள்ளிவிட்டது என்பன யாவும் பதிவாகின்றன. அப்பதிவைக் கொண்டு அடுத்த படத்தைக் கணினி நிரலே தேர்ந்தெடுத்து நீட்டுகிறது. இதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலி நிகழ்ச்சிக்கு முடிவு நேரம் உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. குழந்தை எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறதோ அவ்வளவு விளம்பர வருவாய் என்பதே இதன் பொருளியல். தேர்ந்தெடுத்து நீட்டும் அக்கைக்கு அண்ணன் என்றோ மாமா என்றோ பெயரில்லை. அஞ்சலட்டை எழுதிக் கேட்க முகவரியும் இல்லை.

இந்நிலையிலும் சமுதாயம் முதலில் நாடியது பழைய வழியையே. அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட சட்டம், 13 அகவைக்கு உட்பட்டோரின் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டக் கூடாது என்றது. பல செயலிகள் பதின்மூன்று வயதை எல்லையாக வைப்பதற்கு அச்சட்டமே மூலம். பிறந்த ஆண்டைச் சற்றுப் பின்தள்ளிக் குறிப்பிட்டு அவ்வேலியைத் தாண்டும் வித்தையை உலகெங்கும் பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொண்டனர். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் 'டிக்டாக்' செயலியைத் தரவிறக்க இடைக்காலத் தடை விதித்தது. அம்மாதமே அத்தடை நீங்கியது. 2020 சூன் 29 அன்று நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி நடுவணரசு அச்செயலியை அடியோடு தடைசெய்தது. ஆனால் அடுத்த மூன்று மாதங்களுக்குள் 'இன்ஸ்டாகிராம்', 'யூடியூப்' ஆகியன அதே குறும்பட வடிவத்தை இந்தியாவில் கொண்டுவந்தன. கடை மூடியது, சரக்கு வேறு கடையில் கிடைத்தது.

அதே காலத்தில் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. நேற்றுவரை பிள்ளை தொடக்கூடாதென்று பரணில் வைக்கப்பட்ட கைப்பேசியே ஒன்றரை ஆண்டுக் காலம் பள்ளிக்கூடமாயிற்று. கைப்பேசி உள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடையே புதிய பிளவு உண்டாயிற்று. பெண் குழந்தைகளுக்கு அப்பிளவு இன்னும் ஆழமானது. ஊரகத்தில் 14 முதல் 18 அகவை வரையிலான இளையோரைப் பற்றிய 2023-ஆம் ஆண்டு 'ஏசர்' ஆய்வின்படி, கைப்பேசியைக் கையாளத் தெரிந்தோருள் சொந்தக் கைப்பேசி உடைய ஆண்கள் 43.7 விழுக்காட்டினர், பெண்கள் 19.8 விழுக்காட்டினரே. திண்ணைக்கு வெளியே நின்றவர்களுள் ஒரு சாரார் திரைக்கும் வெளியே நிற்கின்றனர்.

2023-இல் இந்தியா இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 அகவைக்கு உட்பட்டோர் அனைவரையும் குழந்தைகள் எனக் கொள்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களை இலக்காக்கி விளம்பரம் செய்வதையும் விலக்குகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அவை அமைந்துள்ளன. 16 அகவைக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் ஆஸ்திரேலியச் சட்டம் 2025 திசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்களை நெறிப்படுத்தும் சட்டங்கள் இன்றியமையாதன. குழந்தையின் மன வலுவோடு மாபெரும் நிறுவனத்தின் நிரலைப் போட்டியிட விடுவது அறமாகாது. எனினும் சட்டம் வேலிதான். வேலிக்குள் விளைய வேண்டிய பயிர் வேறு.

பிள்ளைபிடிப்போர் வதந்தி

அப்பயிர் இல்லாவிடில் நேர்வது யாது என்பதை 2017, 2018 ஆகிய ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் காட்டின. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகள் அனைவர்க்கும் அது உரியது. ஊசி தீங்கானது என்ற செய்திகள் 'வாட்ஸ்அப்' வழியே பரவின. பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். அரசு கால எல்லையை நீட்டிக்க நேர்ந்தது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இதனினும் கொடிது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வடநாட்டிலிருந்து வந்திருக்கிறது என்ற வதந்தி தமிழ்நாட்டில் கைப்பேசிகளில் சுற்றியது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தினர், வழியில் சிறுவர்க்கு இனிப்புக் கொடுத்ததைக் கண்டோர் அவர்களைப் பிள்ளைபிடிப்போர் என்று எண்ணினர். கூட்டம் தாக்கியதில் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு சூலை முதல் நாள் மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில், இரந்து வாழும் நாடோடிகள் ஐவர் இதே ஐயத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர்.

அக்காலத்தில் இந்தியாவில் பரவிய காணொலிகளுள் ஒன்று குறிப்பாக நினைக்கத்தக்கது. இரு சக்கர வண்டியில் வந்தோர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்லும் காட்சி அது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளைக் காக்குமாறு மக்களை எச்சரிப்பதற்காக நடித்து எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் இறுதியில் வண்டியில் வந்தவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுகின்றனர். அம்முடிவை வெட்டியெறிந்த எவரோ எஞ்சியதைப் பரப்பினார். குழந்தையைக் காக்க எடுத்த படமே வதந்திக்குச் சான்றாயிற்று.

பிள்ளைபிடிக்காரன் தமிழ் வீடுகளுக்குப் புதியவனல்லன். அடம் பிடிக்கும் குழந்தையை அடக்குவதற்குப் பாட்டிமார் சொல்லிவந்த பூச்சாண்டிக் கதைகளில் அவனும் ஒருவன். குழந்தைகள் வளர்ந்து அக்கதையைக் கடந்துவிடுவர். 2018-இல் அக்கதையை நம்பியவர்கள் வளர்ந்தவர்களே. ஊடக அறிவு சிறுவர்க்கு மட்டும் வேண்டிய ஒன்றென எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

வாட்ஸ்அப் நிறுவனம் அவ்வாண்டு சூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. அண்டை மாநிலமான கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் வேறொரு வழியில் சென்றது. அங்கும் 2017-இல் தடுப்பூசிக்கு எதிரான வதந்திகள் பரவியிருந்தன. 2018-இல் மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலியின் முன்முயற்சியால் 'சத்தியமேவ ஜயதே' என்னும் திட்டம் 150 அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. பொய்ச்செய்தி யாது, மக்கள் அதனை ஏன் நம்புகின்றனர், அதனைச் சரிபார்ப்பது எவ்வாறு என்று மாணவர்க்கு வகுப்புகள் நடந்தன. அதே பெயரில் பின்னர் மாநில அளவிலும் மாணவர்க்குப் பயிற்சி விரிந்தது. வகுப்பில் கற்றதைப் பிள்ளைகள் வீட்டில் பெற்றோர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் அத்திட்டம் முழுப் பயன் பெறும். பிறர்க்கு உரைக்கும்போதே கல்வி நிரம்பும் என்ற நன்னூலின் கணக்குக்கு இது பொருந்துவது காண்க.

கூற்றும் கேட்போரும்

பொய்ச்செய்தியைச் சரிபார்க்க இன்றைய கல்வியாளர் வகுக்கும் வினாக்கள் சில உள. இதனைச் சொல்பவர் யார்? யாரை நோக்கிச் சொல்கிறார்? எங்கே, எப்போது நடந்தது? சொல்வதால் அவர்க்கு விளையும் பயன் என்ன? எது சொல்லாமல் விடப்பட்டது? இவ்வினாக்கள் தமிழ்ப் புலவர்க்குப் புதியனவல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணும் இடத்தில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் ஆகியவற்றையும் எண்ணுகிறது. தொல்காப்பியர் பேசியது செய்யுளைப் பற்றியே, செய்தியைப் பற்றியன்று. ஆயினும் ஒரு மொழி தன் கவிதையைப் படிக்க வகுத்த முறை, எல்லாச் சொல்லையும் படிக்கும் முறைக்கு நாற்றங்கால் ஆகும்.

அகப்பாட்டு ஒன்றைப் பயில்வோர் முதலில் கேட்பது, இது யார் கூற்று என்பதையே. தலைவி சொன்னதைத் தோழி சொன்னதாகக் கொண்டால் பொருள் தலைகீழாகும். தலைவன் மறைந்து நின்று கேட்கிறான் என்பது தெரிந்தால்தான் தோழி தலைவியிடம் சொல்லும் சொல்லின் உட்பொருள் விளங்கும். கூறப்படுவது ஒருவர்க்கு, கேட்கவேண்டுவது மற்றொருவர் என்னும் இந்நுட்பத்தைப் பயின்ற மாணவன், குழந்தைகள் காணும் படத்தின் நடுவே வரும் விளம்பரம் உண்மையில் யாரை நோக்கியது என்பதை எளிதில் உணர்வான். எச்சத்தைத் தேடப் பழகியவன், கராச்சிப் படம் திடுமென நின்றுபோவதைக் கண்டு, இதன் முடிவு எங்கே என்று கேட்டிருப்பான். அவ்வொரு கேள்வி பரவியிருந்தால் சில உயிர்கள் காக்கப்பட்டிருக்கலாம்.

ஆகவே இலக்கிய வகுப்பு, ஊடக வகுப்பு என இருவேறு தேவையில்லை. துறைக்குறிப்பை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் பழக்கத்தை விடுத்து, துறைக்குறிப்பு ஏன் வேண்டும் என்று பிள்ளைகளையே வினவச் செய்தால் தமிழ்ப்பாடமே ஊடகப் பாடமாகும். அன்று காலை கைப்பேசியில் வந்த செய்தியொன்றைக் கரும்பலகையில் எழுதி, கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் என்று ஆறு கோடிட்டு நிரப்பச் சொல்வதற்கு ஆசிரியர்க்குச் சுண்ணக்கட்டி ஒன்று போதும்.

கவிஞர் கடன்

அச்சு யுகத்தில் தமிழ்க் குழந்தையைக் காத்தவர்கள் தடைச் சட்டம் இயற்றியோர் அல்லர். குழந்தையின் நாவுக்கேற்ற சந்தத்தைத் தேடி, மாலை வேளைகளில் அமர்ந்து பாட்டெழுதிய கவிஞர்களும் இதழாசிரியர்களுமே அவளைக் காத்தனர். வள்ளியப்பா 1989-இல் மறைந்தார். 'அம்புலிமாமா' 2013-இல் நின்றது. 1955-இல் தொடங்கப்பெற்ற இந்தியச் சிறுவர் திரைப்படச் சங்கம் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுத் தனி அமைப்பாக இல்லாதொழிந்தது. சிறுவர்க்கென உழைத்த அமைப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்த அதே ஆண்டுகளில், சிறுவர் கண்முன் நீளும் திரை எல்லையற்று வளர்ந்தது. உறவுப் பெயர் பூண்டோர் விட்டுச்சென்ற இடத்தைப் பெயரற்ற நிரல் நிரப்பிக்கொண்டது.

இலக்கிய வட்டம் ஒன்று இந்நிலையில் செய்யக்கூடியவை அரியன அல்ல. மாதக் கூட்டங்களில் ஒரு மணி நேரத்தைச் சிறுவர்க்கென ஒதுக்கலாம். அவர்கள் பார்க்கும் காணொலி ஒன்றை அவர்களோடு அமர்ந்து பார்த்து, அகப்பாட்டை ஆராய்வது போல ஆராயலாம். உறுப்பினர் தம் குரலில் பாடல்களையும் கதைகளையும் பதிவு செய்து, தம் பெயரையும் ஊரையும் சொல்லிப் பிள்ளைகளுக்கு அனுப்பலாம். சொன்னவர் இன்னார் என்று அறிந்து கேட்கும் பழக்கம் அதனால் மீளும். பிள்ளைகளே பாட்டெழுதவும் படம் எடுக்கவும் வழிசெய்யலாம். காட்சியை வெட்டி ஒட்டிப் பார்த்த பிள்ளைக்கு, பிறர் வெட்டிய இடம் கண்ணில் படும்.

புதிய ஊடகம் இன்னும் வரும். செயற்கை நுண்ணறிவு இயற்றும் குரலும் உருவமும் இப்போதே வீடுகளுக்குள் வந்துவிட்டன. தெரிந்தவர் குரலிலேயே தெரியாதவர் பேசும் காலத்தில், குரலையும் முகத்தையும் கண்டு நம்பும் பழைய வழி போதாது. எத்தனை கதவுகளை அடைத்தாலும் பிள்ளையின் கையில் இறுதியாக எஞ்சுவது ஒரு கேள்வியே. இது யார் கூற்று என்று கேட்கத் தெரிந்த குழந்தை எந்தத் திரையின் முன்னும் ஏமாளியாகாது. அக்கேள்வியைத் தமிழ் மரபு நெடுங்காலமாகக் காத்து வைத்துள்ளது. அதனை அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்பது கவிதை பயின்றோர் கடனாகும்.